பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் - என்ஜின் ஹோஸ் இணைப்பின் கதை

கார் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. புது ஹோஸ் வாங்கி வந்தாகிவிட்டது. கிளிப்பையும் தளர்த்தியாகிவிட்டது. பழைய ஹோஸை உருவி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அது வர மறுக்கிறது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு கைகளாலும் பிடித்து, காலை பம்பரில் உதைத்து, மூச்சைப் பிடித்து இழுக்கிறார். "டக்" என்று ஒரு சத்தம். ஹோஸ் வந்துவிட்டது, ஆனால் ரேடியேட்டரின் பைப் முனையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது!

சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இப்போது சில ஆயிரங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பணம் யார் தலையில் விடியும்? கார் சொந்தக்காரர் தலையிலா, பட்டறைக்காரர் தலையிலா, அல்லது இழுத்தவரின் சம்பளத்திலா? பெரும்பாலும் அங்கே ஒரு சண்டை நடக்கும்.

ஒரு சாதாரண ரப்பர் குழாய் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? இதற்கு விடை தேடினால் முந்நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகிறது. ஓவியர், திவாலான வியாபாரி, கப்பற்படை அதிகாரி என்று பலர் அதில் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் யோசித்தது ஒரே விஷயத்தைத்தான்: குழாய் கழன்று போகாமல் இருப்பது எப்படி? கழற்ற வேண்டிய நாளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மிகக் குறைவு.

ஓவியர் செய்த குழாய்

என்ஜினோடு ஹோஸ் சேர்ந்த கதை காரில் தொடங்கவில்லை, தீயணைப்பு என்ஜினில் தொடங்கியது. 17-ம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் என்று ஒருவர் இருந்தார். நகரக் காட்சிகளைச் செங்கல் செங்கலாக நுணுக்கமாக வரையும் ஓவியர். அவருடைய ஓவியங்கள் இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவரும் அவருடைய சகோதரர் நிக்கோலாஸும் சேர்ந்து 1672-ல் தீயணைப்பு பம்புக்கு வளையக்கூடிய தோல் குழாயை உருவாக்கினார்கள்.

அதற்கு முன் பம்பை எரியும் வீட்டுக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தி, தூரத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். குழாய் வந்த பிறகு தண்ணீரை நெருப்பின் மூலத்துக்கே, வீட்டுக்குள்ளேயே கொண்டு போக முடிந்தது. தோலைத் தைத்து நீளமான குழாயாக்கி, சுமார் 50 அடிக்கு ஒரு பித்தளை இணைப்பு வைத்தார்கள். தேவைக்கேற்ப நீட்டலாம், வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம்.

கவனிக்க வேண்டியது, இணைப்பு என்பது சேர்ப்பதற்கு மட்டுமல்ல, பிரிப்பதற்கும்தான் என்பது அன்றே புரிந்திருந்தது. ஆனால் தையல் விட்டுப்போவதும் தோல் காய்ந்து வெடிப்பதும் தீராத தொல்லையாக இருந்தன. தண்ணீர் கசியாத, வளையக்கூடிய, உழைக்கக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது.

திவாலான மனிதரின் ரப்பர்

ரப்பர் அப்போதே ஐரோப்பாவுக்குத் தெரியும். ஆனால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் மரக்கட்டைபோல் விறைத்துவிடும். இந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்று தன் வாழ்க்கையையே பணயம் வைத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். கடனுக்காகப் பலமுறை சிறை சென்றவர். 1839-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வோபர்ன் என்ற ஊரில், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உருகாமல் உறுதியாகிறது என்பதைக் கண்டார். 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே சமயத்தில் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவரும் காப்புரிமை பெற்றுவிட்டார். குட்இயர் 1860-ல் இறந்தபோது பெரும் கடனாளியாகத்தான் இறந்தார். 1898-ல் தொடங்கப்பட்ட குட்இயர் டயர் கம்பெனிக்கு அவருடைய பெயரை மரியாதைக்காக வைத்தார்களே தவிர, அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அதில் பங்கு எதுவும் இல்லை!

கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பாலம் போடுகிறது. அதனால் ரப்பரை இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஹோஸின் கதைக்கு இந்தக் குணம்தான் அச்சாணி. கொஞ்சம் சிறிய ரப்பர் குழாயைக் கொஞ்சம் பெரிய உலோகக் குழாய் மேல் திணித்தால், ரப்பர் சுருங்கப் பார்த்து உலோகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

1870-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பெஞ்சமின் குட்ரிச் என்ற டாக்டர் ரப்பர் தொழிற்சாலை தொடங்கினார். அவர் முதலில் செய்த பொருட்களில் முக்கியமானது, பருத்தித் துணி சுற்றிய தீயணைப்பு ஹோஸ். உள்ளே ரப்பர், அதைச் சுற்றி நூல் பின்னல். இன்றைய ரேடியேட்டர் ஹோஸின் உடலமைப்பும் அடிப்படையில் இதுதான்.

இணைப்பு பொருந்தாததால் எரிந்த நகரம்

இணைப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1904 பிப்ரவரி 7-ம் தேதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் கற்றுக்கொண்டது. நகரின் மையத்தில் பிடித்த தீ சுமார் 30 மணி நேரம் எரிந்தது. வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலில் வந்து இறங்கின. ஆட்கள் இருந்தார்கள், தண்ணீர் இருந்தது, ஹோஸ் இருந்தது. ஆனால் பல ஊர்க்காரர்களின் ஹோஸ் மறை பால்டிமோரின் தெருக் குழாயில் ஏறவில்லை! 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்து போயின.

பிறகு விசாரித்ததில் அமெரிக்காவில் 600-க்கும் அதிகமான வகைகளில் ஹோஸ் இணைப்புகள் இருப்பது தெரிய வந்தது. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்ற தரம் வகுக்கப்பட்டது. ஒரு இணைப்பைச் செய்கிறவர் தன் வசதியை மட்டும் பார்த்தால் போதாது, அதை அவசரத்தில் கையில் எடுக்கப் போகிறவரையும் நினைக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பாடம். இந்தப் பாடத்தை இந்த வரலாறு மறுபடி மறுபடி மறந்திருக்கிறது.

காருக்கு ஏன் ரப்பர் குழாய்?

சரி, காருக்கு வருவோம். 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. என்ஜின் சூட்டில் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியெல்லாம் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தன் தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துச் சுத்தம் செய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே குழாய்ப் பிரச்சனை வந்துவிட்டது. அதை முறுக்கி உடைக்காமல் ஒரு மெல்லிய கருவியாலும் பொறுமையாலும் தீர்த்தவர் ஒரு பெண்மணி!

1900-ல் வில்ஹெல்ம் மேபாக், முதல் மெர்சிடஸ் காருக்காகத் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை வடிவமைத்தார். 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்தது அது. 9 லிட்டர் தண்ணீரே போதுமானதாக இருந்தது. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்.

இங்கேதான் ஹோஸ் தவிர்க்க முடியாததானது. என்ஜின் குலுங்கிக்கொண்டே இருக்கும். ரேடியேட்டரோ வண்டியின் சட்டத்தோடு கட்டப்பட்டது. இரண்டையும் இரும்புக் குழாயால் இணைத்தால் சில நாளில் பற்றவைத்த இடம் விட்டுவிடும். நடுவில் ரப்பர் இருந்தால் குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். 1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் ஆரம்பகால வண்டிகள் சிலவற்றைத் தவிர மற்றவற்றில் தண்ணீர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற தத்துவத்திலேயே சுற்றியது. அழுத்தம் குறைவு என்பதால் இணைப்பை மிதமாக இறுக்கினால் போதும். கழற்றுவதும் சுலபம்.

கிளிப் வந்த கதை

ரப்பரின் இறுக்கம் மட்டும் போதாதபோது கம்பியைச் சுற்றி முறுக்குவார்கள். கம்பி ரப்பரை வெட்டும், சீக்கிரம் தளரும். இதற்கு மாற்றாக வந்ததுதான் ஹோஸ் கிளிப். ஸ்வீடனில் 1896-ல் தீயணைப்புச் சாதனங்கள் விற்கும் தொழிலைத் தொடங்கிய க்னூட் எட்வின் பெர்க்ஸ்ட்ரோம் என்பவரை ஹோஸ் கிளாம்பின் தந்தை என்று சொல்கிறார்கள். இங்கும் தீயணைப்புத் தொழில்தான் தாய்வீடு.

இன்று எல்லோரும் பார்க்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருகும் கிளிப்பைப் பிரபலப்படுத்தியவர் பிரிட்டிஷ் கப்பற்படையில் கமாண்டராக இருந்த லம்லி ராபின்சன். 1921-ல் காப்புரிமை பெற்றார். "ஜூபிலி கிளிப்" என்று பெயர் வைத்தார். பிரிட்டனில் எந்தக் கம்பெனி செய்த ஹோஸ் கிளிப்பையும் ஜூபிலி கிளிப் என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதன் தத்துவம் எளிமையானது. உலோகப் பட்டையில் சாய்வான வெட்டுகள். ஒரு திருகாணி அந்த வெட்டுகளைப் பிடித்து இழுக்கிறது. திருகினால் பட்டை நகரும், ஆனால் பட்டை எவ்வளவு முறுக்கிக்கொண்டாலும் திருகாணி தானாகப் பின்னால் சுற்றாது. ஒரே கிளிப் ஒரு வரம்புக்குள் பல அளவுக் குழாய்களுக்குப் பொருந்தும். திருகினதைத் திருப்பித் திருகினால் கழன்றுவிடும். கழற்றும் வழியையும் சேர்த்தே யோசித்த வெகு சில கருவிகளில் இதுவும் ஒன்று.

ஒரு குறை உண்டு. ரப்பர் நாளாக ஆக அமுங்கித் தட்டையாகும், கிளிப் தானாக இறுகாது. அதனால் கசியும். கசிந்தால் இன்னும் இறுக்குவார்கள். மேலும் மேலும் இறுக்கியதில் ரப்பர் உலோகத்தோடு ஒன்றிவிடும். கிளிப்பைக் கழற்றலாம், ஆனால் ஹோஸைக் கழற்ற முடியாது என்ற நிலை இப்படித்தான் உருவானது.

சுவிட்சர்லாந்தில் 1942-ல் ஹான்ஸ் ஓட்டிக்கர் தொடங்கிய கம்பெனி வேறு பாதையில் போனது. "காது" போலப் புடைத்த ஒரு பகுதியைக் குறடால் அமுக்கிவிட்டால் முடிந்தது. தொழிற்சாலையில் நொடியில் மாட்டலாம், சீராக இறுகும், சுலபத்தில் தளராது. ஆனால் கழற்ற வேண்டுமானால் பெரும்பாலும் வெட்டித்தான் எறிய வேண்டும்.

அழுத்தம் கூடியது, பிடியும் கூடியது

1927-ல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைக்கால் "பிரெஸ்டோன்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுவரை பனிக்காலத்தில் தண்ணீர் உறையாமல் இருக்க ஆல்கஹால் ஊற்றினார்கள், அது ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் போகாது. ஆனால் தண்ணீர் கசியாத சந்தில்கூட அது மெல்லப் புகுந்து கசியும். எனவே இணைப்புகள் இன்னும் இறுக்கமாக வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது அழுத்த மூடி. பிரஷர் குக்கர் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். வெளிக்காற்றைவிட இன்னொரு மடங்கு அழுத்தம் உள்ளே இருந்தால் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். சிறிய ரேடியேட்டரால் பெரிய என்ஜினைச் சமாளிக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது பொதுவான வழக்கமாயிற்று. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1990-களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடிகள் செய்து அனுப்பத் தொடங்கியது. அன்று அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

மூடி அழுத்தத்தைத் தாங்கினால், ஹோஸும் தாங்கியாக வேண்டும். இயற்கை ரப்பர் இந்தச் சூட்டுக்கு நீண்ட நாள் நிற்காது. 1930-ல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் பிறந்தது. 1960-களில் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வந்தது. சூடான கிளைக்கால் தண்ணீரை வருடக்கணக்கில் தாங்கும் என்பதால் இன்றுவரை ரேடியேட்டர் ஹோஸ்களில் பெரும்பாலானவை அதில்தான் செய்யப்படுகின்றன.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். காரணங்கள் நான்கு.

முதலாவது, ரப்பர். பல வருடம் சூட்டிலும் கிளிப்பின் அழுத்தத்திலும் இருந்த ரப்பர், உலோகத்தின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் புகுந்து அந்த வடிவத்திலேயே இறுகிவிடுகிறது.

இரண்டாவது, உலோகம். இரும்பானால் துரு, அலுமினியமானால் வெள்ளைத் தூள். ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே சிறிது ஈரம் புகுந்தால் போதும், அங்கே அரிப்பு தொடங்கும். அரிப்பில் உண்டாகும் தூள் உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். இணைப்பு உள்ளிருந்தே இறுகும்.

மூன்றாவது, உப்பு. ரேடியேட்டரில் உப்புத்தண்ணீரை ஊற்றினால், கசிந்து காய்ந்த இடத்தில் படியும் உப்பு பசை போலப் பிடிக்கும்.

நான்காவதுதான் பலருக்கும் தெரியாதது. ஹோஸின் உள்ளே நூல் பின்னல் இருக்கிறது அல்லவா? பின்னலை நீளவாக்கில் இழுத்தால் அது மெலியும். அதாவது, ஹோஸை எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாக அது பைப்பை நெரிக்கிறது! மாறாக, உள்நோக்கித் தள்ளினால் பின்னல் விரிந்து பிடி தளரும். பட்டறையில் காலை உதைத்து இழுத்தவர் தோற்றது பலம் போதாமல் அல்ல. அவருடைய பலமே எதிரிக்குப் போய்ச் சேர்ந்தது.

பித்தளை போய் பிளாஸ்டிக் வந்தது

பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும். பைப் முனை வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், விட்டுப்போனால் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். அதற்கென்றே ஊர் ஊருக்கு ரேடியேட்டர் கடைகள் இருந்தன. முரட்டுத்தனமாக இழுத்தாலும் சேதத்தைச் சரிசெய்ய ஆள் இருந்தார்.

1970-களிலிருந்து ஐரோப்பாவில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ரேடியேட்டர்கள் பரவின. மேல் கீழ்த் தொட்டிகளும் பைப் முனைகளும் கண்ணாடி இழை கலந்த நைலான். எடை குறைவு, விலை குறைவு, பெட்ரோல் மிச்சம். லாபக் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் பத்து வருடம் சூட்டில் வெந்த நைலான் மொறுமொறுப்பாகிவிடும். பிளையரால் ஒரு அழுத்து, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு நெம்பு, கதை முடிந்தது. ஒட்டவும் முடியாது, பற்றவைப்பதும் நிலைக்காது. பழைய மெக்கானிக்கின் கைப்பழக்கம் பித்தளையில் உருவானது. அந்தக் கைக்கு வந்து சேர்ந்ததோ பிளாஸ்டிக். உடைந்த பைப் முனைகள் பலவற்றுக்குக் காரணம் கவனக்குறைவு அல்ல, காலம் மாறியது கைக்குத் தெரியாததுதான்.

எண்ணெய் அடிக்கலாமா?

எது சிக்கிக்கொண்டாலும் எல்லோரும் தேடுவது டபிள்யூ.டி-40 டப்பாவை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் செய்தது இது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்த எண். அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமல் காப்பதுதான் முதல் பயன்பாடு. 1958-ல் கடைகளுக்கு வந்தது.

துருப்பிடித்த கிளிப் திருகாணிக்கு இது அருமையான மருந்து. ஆனால் ஈ.பி.டி.எம். ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. உப்பி, மிருதுவாகி, பலம் போய்விடும். தூக்கி எறியப் போகும் ஹோஸ் என்றால் பரவாயில்லை. திரும்ப மாட்டப் போகும் ஹோஸில் எண்ணெய் அடிப்பது, நாளைய கசிவை இன்றே விதைப்பது போல.

அதற்கு மாற்று வீட்டிலேயே இருக்கிறது. கையில் சிக்கிய வளையலைக் கழற்ற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? சோப்பு நுரை. ஹோஸுக்கும் அதேதான்.

உடைக்காமல் கழற்றும் முறை

இவ்வளவு வரலாறும் கடைசியில் சில எளிய விதிகளாகச் சுருங்குகிறது.

1. என்ஜின் நன்றாக ஆறட்டும். சூடாக இருக்கும்போது மூடியையோ ஹோஸையோ திறந்தால், அழுத்தம் விலகிய அந்த நொடியில் தண்ணீர் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும்.

2. தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடித்துப் பத்திரமாக வைக்க வேண்டும். கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். நாய், பூனை நக்கினால் உயிர் போகும்.

3. கிளிப்பைத் தளர்த்தினால் மட்டும் போதாது, ஹோஸின் நடுப்பகுதிக்கு நகர்த்திவிட வேண்டும். ஸ்பிரிங் கிளிப்பாக இருந்தால் தெறிக்கும், கண் ஜாக்கிரதை.

4. இழுக்கக் கூடாது. முதலில் உள்நோக்கித் தள்ளி, பிறகு இடமும் வலமுமாகத் திருக வேண்டும். ஒட்டு விட்டுப்போகும் அந்த மெல்லிய "சரக்" சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

5. திரும்பவில்லையா? ஹோஸ் மேல் வெந்நீர் ஊற்றினால் ரப்பர் இளகும். முனை மழுங்கிய மெல்லிய கொக்கியை ரப்பருக்கும் பைப்புக்கும் நடுவே நுழைத்து, சோப்புத் தண்ணீர் விட்டபடி சுற்றிலும் ஓட்டினால் காற்று புகுந்து பிடி விடும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பைப்பில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகத்தான் நாளைக்குத் தண்ணீர் கசியும்.

6. உலோகப் பைப் என்றால் பெரிய பிளையரால், துணி சுற்றி, மிதமாகப் பிடித்துத் திருகலாம். பிளாஸ்டிக் என்றால் கை மட்டும்தான்.

7. அதற்கும் வரவில்லை என்றால், ஹோஸை வெட்டிவிடுவதே உத்தமம். நீளவாக்கில், பிளேடைச் சாய்த்து, உலோகத்தைத் தொடாத ஆழத்துக்குக் கீறி, வாழைப்பழத் தோல்போல் உரித்தெடுக்க வேண்டும்.

ஹீட்டர் குழாய்களில் ஏழாவது விதியே முதல் விதி. ஹீட்டரின் பைப்புகள் மெல்லியவை. ஒன்று உடைந்தால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். ஒரு நாள் வேலை!

புது ஹோஸ் மாட்டும் முன் பைப்பைச் சுத்தமாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரோ கூலன்ட்டோ தடவி மாட்ட வேண்டும். கிரீஸ் கூடாது. கிளிப்பை அளவோடு இறுக்க வேண்டும். அடுத்தமுறை கழற்றப் போகிறவருக்குச் செய்யும் உதவி இது. பெரும்பாலும் அதே மெக்கானிக்தான் அந்த அடுத்தவர்!

"கிளிக்" காலம்

1980-களில் எரிபொருள் இன்ஜெக்ஷன் பரவியபோது பெட்ரோல் குழாயில் அழுத்தம் பல மடங்கு கூடியது. சாதாரண ரப்பரும் கிளிப்பும் போதவில்லை. தள்ளினால் "கிளிக்" என்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் இணைப்புகள் வந்தன. 1990-களில் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இவற்றுக்கு ஜே2044 என்ற தரத்தை வகுத்தது. பால்டிமோர் பாடம் இங்கே நினைவில் இருந்தது. பிறகு ரேடியேட்டர் ஹோஸ்களுக்கும் இந்த முறை வந்துவிட்டது.

தொழிற்சாலையில் ஒரு கிளிப் திருகும் சில நொடிகள் மிச்சம். ஒரு வண்டிக்கு அது அற்பம், லட்சம் வண்டிகளுக்கு அது பெரிய தொகை. ஆனால் பத்து வருடம் கழித்து, மண் புகுந்து இறுகிய அந்தப் பிளாஸ்டிக் பூட்டை அமுக்கும்போது அது உடைந்தால் செலவு யாருடையது? தொழிற்சாலை மிச்சப்படுத்திய நொடிகளுக்கான பில், பட்டறையில் நிற்பவர் கைக்கு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு எந்தத் தலைப்பிலும் வராது.

இதற்கும் வழி உண்டு, அதே பழைய வழிதான். பெட்ரோல் குழாய் என்றால் முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். மண்ணைக் கழுவ வேண்டும். பிறகு இழுக்காமல் உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பூட்டின் மேல் இருக்கும் பாரம் விலகும். அப்போது பூட்டை அமுக்கி, நேராக உருவினால் வந்துவிடும். முந்நூறு வருடத்தில் பொருள் தோலிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து பிளாஸ்டிக்குக்கும் மாறியிருக்கிறது. முதலில் தள்ளு, பிறகு எடு என்பது மட்டும் மாறவில்லை.

கணக்கு

வணிகவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒவ்வொரு பொருளும் தேய்ந்துகொண்டே இருக்கிறது, அதற்கு முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஹோஸ் தேய்வதற்கென்றே பிறந்தது. ரேடியேட்டர் அப்படியல்ல. எதைக் காப்பாற்ற எதை இழக்கலாம் என்று தெரிந்தவர் பிளேடை எடுத்து ஹோஸை வெட்டிவிடுகிறார். ஹோஸைக் காப்பாற்றப் பார்த்தவர் ரேடியேட்டரை இழக்கிறார்.

ராபின்சனின் கிளிப் நூறு வருடம் தாண்டியும் கடைகளில் தொங்குவதற்குக் காரணம், அது நன்றாகப் பிடிக்கிறது என்பது மட்டுமல்ல. ஒரு சாதாரண ஸ்க்ரூ டிரைவர் கேட்டால் விட்டும் விடுகிறது. பொருட்களை வடிவமைக்கிறவர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது பாதியை யோசிக்கிறார்கள் என்பதை, அடுத்தமுறை ஒரு பட்டறைப் பக்கம் போகும்போது அங்கே குனிந்து வேலை செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள். விடை உடனே கிடைக்கும்!